தேடல் பெட்டியில் ஒரு மேற்கோள் குறி: டேட்டாபேஸ் தேடலைச் சரிசெய்வதும் பாதுகாப்பதும்

நீங்கள் எழுதிய வலைச்செயலியின் தேடல் பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு ஒற்றை மேற்கோள் குறியை மட்டும் தட்டி எண்டரை அழுத்திப் பாருங்கள். "முடிவுகள் எதுவும் கிடைக்கவில்லை" என்று பக்கம் அமைதியாகச் சொன்னால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். வெள்ளைத் திரையோ, "உங்கள் எஸ்கியூஎல் தொடரியலில் பிழை" என்ற எரரோ வந்தால், கையில் ஒரு பிழையும் ஒரு பாதுகாப்பு ஓட்டையும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் பிறந்த இடம் ஒன்றுதான்: யூசர் தட்டிய எழுத்து, டேட்டாபேஸிடம் எஸ்கியூஎல் மொழியில் நீங்கள் கேட்கும் கேள்வியான குவெரிக்குள் கட்டளையாகக் கலந்துவிட்டது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித் திட்டமிடுகிறார்கள்: முதலில் தேடலை வேலை செய்யவைப்போம், பாதுகாப்பைப் பிறகு பார்த்துக்கொள்வோம். இந்த வரிசை தவறு என்பது என் உறுதியான கருத்து. டேட்டாபேஸுக்கு உண்மையில் என்ன போய்ச் சேர்கிறது என்று கண்ணால் பார்க்கப் பழகிவிட்டால், பிழையைத் தேடுவதும் ஓட்டையை அடைப்பதும் ஒரே வேலையாகிவிடும். இந்தக் கட்டுரை அந்தப் பழக்கத்தைப் பற்றியது. உதாரணங்களில் பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் அதிகம் வரும். மற்றவற்றுக்கும் விஷயம் இதேதான். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போலத் தட்டிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதில் வரும் சோதனைகளை உங்கள் சொந்தச் செயலியில், அதுவும் டேட்டாபேஸின் நகல் ஒன்றில் மட்டும் செய்யுங்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் தளத்தில் செய்தால் அது குற்றம்.

முதல் படி: போகிற குவெரியைப் பாருங்கள்

தேடல் சரியாக வரவில்லை என்றதும் கோடை, அதாவது எழுதிய நிரலை, உற்றுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது வீண். கோடு என்ன அனுப்புவதாக நீங்கள் நினைக்கிறீர்கள் என்பது ஒன்று; என்ன அனுப்பியது என்பது வேறொன்று. மைஎஸ்கியூஎல்லில் "செட் குளோபல் ஜெனரல்_லாக் = 'ஆன்'" என்று கொடுத்தால், வந்து சேரும் ஒவ்வொரு குவெரியும் லாக் ஃபைலில் எழுதப்படும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் அமைப்பு ஃபைலில் "லாக்_ஸ்டேட்மென்ட் = 'ஆல்'". இரண்டையும் உங்கள் கணினியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேரலைச் சர்வரில் போட்டால் டிஸ்க் நிரம்புவது ஒருபுறம் இருக்க, யூசர்களின் சொந்தத் தகவல்கள் லாகில் வரிவரியாகக் குவியும்.

லாகில் இருக்கும் குவெரியை அப்படியே எடுத்து டேட்டாபேஸ் கிளையன்டில் ஒட்டி ஓட்டுங்கள். அங்கே வரிசைகள் வந்து பக்கத்தில் வராவிட்டால் கோளாறு கோடில்: கனெக்ஷனின் எழுத்துமுறை, லூப், டெம்ப்ளேட் என்று தேடலாம். அங்கேயும் வராவிட்டால் குவெரியில்தான். "வேர்" பகுதியில் உள்ள நிபந்தனைகளை முழுக்க நீக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த நிபந்தனையைச் சேர்த்தபோது வரிசைகள் மறைந்தனவோ, அதுதான் ஆள்.

பழைய பிஎச்பி கோடைக் கையில் எடுத்தவர்களுக்கு இன்னொரு சங்கடம். பிஎச்பியை டேட்டாபேஸோடு இணைக்கும் பிடிஓ நூலகம், பிஎச்பி 8.0-க்கு முன்பு வரை, எரர் வந்தாலும் சொல்லாமல் இருப்பதையே இயல்பாக வைத்திருந்தது. 2020-இல் வந்த 8.0-இலிருந்துதான் தானாகவே எக்ஸெப்ஷன் வீசுகிறது. பழைய பதிப்பில் இருந்தால் எரர் மோடை நீங்களே எக்ஸெப்ஷனுக்கு மாற்றுங்கள். காலியான முடிவுப் பக்கம் என்று நீங்கள் நினைத்தது உண்மையில் வாய்திறக்காத எரராக இருக்கலாம்.

முடிவு வராததற்கு வழக்கமான காரணங்கள்

கேள்விக்குறியை மேற்கோளுக்குள் வைப்பது, ப்ளேஸ்ஹோல்டர் (மதிப்பு பிறகு வந்து உட்காரக் குவெரியில் வைக்கும் கேள்விக்குறி) கற்றுக்கொள்ளும் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தவறு.

தலைப்பு லைக் '%?%'

மேற்கோளுக்குள் போய்விட்ட கேள்விக்குறி ப்ளேஸ்ஹோல்டர் இல்லை, வெறும் எழுத்து. டேட்டாபேஸ் உண்மையிலேயே கேள்விக்குறி உள்ள தலைப்புகளைத் தேடப் போகும், அல்லது கொடுத்த மதிப்புகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று டேட்டாபேஸோடு பேசும் டிரைவர் நிரல் புகார் சொல்லும். குவெரியில் "தலைப்பு லைக் ?" என்று மட்டும் எழுதி, இரண்டு பக்கச் சதவீதக் குறிகளையும் (முன்னும் பின்னும் எந்த எழுத்தும் இருக்கலாம் என்று லைக்குக்குச் சொல்பவை) மதிப்போடு ஒட்டி அனுப்ப வேண்டும்.

அடுத்தது நல், அதாவது மதிப்பே இல்லாத நிலை. ஒரு ஃபீல்டில் மதிப்பே இல்லாத வரிசைகள், "நிலை != 'நீக்கியது'" என்ற நிபந்தனையில் வராது. நல்லை எதோடு ஒப்பிட்டாலும் விடை "தெரியாது"தான். உண்மை என்று உறுதியாகும் வரிசைகளை மட்டுமே "வேர்" உள்ளே விடும். அந்த வரிசைகளும் வேண்டுமென்றால் "ஆர் நிலை இஸ் நல்" என்று அடைப்புக்குறிக்குள் சேருங்கள்.

தமிழில் தேடும் செயலிகளுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு நாள் முழுக்கச் செலவழித்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "கொடி" என்று தேடினால் வரவில்லை. டேபிளில் "கொடி" கண்ணுக்குத் தெரிகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் வித்தியாசமே இல்லை. கடைசியில் இரண்டின் பைட் நீளத்தையும் கேட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடுகள், அல்லது ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆகவே முதல் வகை "கொ" 6 பைட், இரண்டாம் வகை 9 பைட். மைஎஸ்கியூஎல்லில் "லெங்த்()", போஸ்ட்கிரெஸில் "ஆக்டெட்_லெங்த்()" இதைக் காட்டிக்கொடுக்கும்.

தீர்வு, இப்படிப் பல விதமாகச் சேமித்தவற்றை ஒரே விதமாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுவது. சேமிக்கும்போதும் மாற்ற வேண்டும், தேடும் சொல்லையும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பயனில்லை. பிஎச்பியில் நார்மலைசர் வகுப்பும், பைத்தானில் யூனிகோடுடேட்டா தொகுதியும், போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து "நார்மலைஸ்()" என்ற செயற்கூறும் இதற்காகவே இருக்கின்றன. ஒன்றை மட்டும் என்எஃப்சி சரிசெய்யாது: ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால் யூனிகோடுக்கு அவை இரண்டு தனி எழுத்துகள். அப்படிப்பட்ட சொற்களை நீங்கள்தான் தனியாகக் கவனிக்க வேண்டும். வேறிடத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளையும் அதே இடத்தில் நீக்கிவிடுங்கள்.

"ஆண்ட்" என்பதும் "ஆர்" என்பதும்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. கீழே உள்ள குவெரியை நிதானமாகப் படியுங்கள்.

செலக்ட் * ஃப்ரம் கட்டுரைகள்
வேர் வெளியானது = 1
ஆண்ட் தலைப்பு லைக் ?
ஆர் உள்ளடக்கம் லைக் ?

எழுதியவருடைய எண்ணம், வெளியான கட்டுரைகளில் தலைப்பிலோ உள்ளடக்கத்திலோ சொல் இருப்பவற்றை எடுப்பது. டேட்டாபேஸ் அப்படிப் படிப்பதில்லை. கணக்கில் கூட்டலுக்கு முன் பெருக்கலைப் பார்ப்பதுபோல, "ஆர்" என்பதற்கு முன் "ஆண்ட்" என்பதைக் கட்டிவிடும். விளைவாக, உள்ளடக்கத்தில் சொல் இருந்தால் போதும், வெளியாகாத வரைவும் முடிவுகளில் வந்து நிற்கும். நான் பராமரித்த ஒரு செயலியில் இது பல வாரங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. எரர் இல்லை, பக்கம் வேகமாக வருகிறது, முடிவுகளும் நிறைய வருகின்றன. வெளியிடக் கூடாது என்று ஒதுக்கி வைத்த குறிப்பொன்றைப் பார்வையாளர் ஒருவர் தேடலில் கண்டு எழுதியபோதுதான் தெரியவந்தது. அந்த மடலைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு லைக் நிபந்தனைகளையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டால் தீர்ந்தது. ஆனால் கவனியுங்கள்: இங்கே ப்ளேஸ்ஹோல்டர் சரியாகத்தான் இருக்கிறது, இன்ஜெக்ஷனும் (யூசர் தட்டியது குவெரிக்குள் கட்டளையாக நுழைவது) இல்லை, ஆனாலும் தகவல் கசிந்தது. ஆகவே தேடலைச் சோதிக்கும்போது "வர வேண்டியது வருகிறதா" என்பதோடு நிற்காமல், "வரக் கூடாதது வராமல் இருக்கிறதா" என்றும் பாருங்கள். டேபிளில் ஒரு வரைவை வைத்து, அதில் வேறெங்கும் இல்லாத ஒரு சொல்லைப் போட்டு, அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

இன்ஜெக்ஷனைக் கிட்டத்தில் பார்ப்போம்

எழுத்துச் சரங்களை ஒட்டிக் குவெரி கட்டும் கோடு இப்படித்தான் இருக்கும்:

"வேர் தலைப்பு லைக் '%" + சொல் + "%'"

யூசர் "மழை" என்று தட்டினால் "லைக் '%மழை%'" என்று ஒழுங்காகவே போகும். அவர் தட்டியது இதுவானால்?

மழை' ஆர் 1=1 -- 

டேட்டாபேஸுக்குப் போவது:

வேர் தலைப்பு லைக் '%மழை' ஆர் 1=1 -- %'

யூசர் போட்ட மேற்கோள் குறி உங்கள் மேற்கோளை முடித்துவைத்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்தது எல்லாம் கட்டளை. இரட்டைக் கோடு, மீதியைக் குறிப்புரை ஆக்கிவிடுகிறது. ஒன்று எப்போதும் ஒன்றுக்குச் சமம். எனவே டேபிள் முழுக்கத் திறந்துவிடும். இதே வாசல் வழியாக "யூனியன் செலக்ட்" சேர்த்து, தேடலுக்குச் சம்பந்தமே இல்லாத யூசர் டேபிளின் வரிசைகளையும் முடிவுப் பட்டியலில் வரவைக்கலாம். எரரை மறைத்துவைத்தால் தப்பித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். ஆம், இல்லை என்று மட்டும் விடை வரும்படி கேள்விகளைத் தொடுத்தோ, விடை "ஆம்" என்றால் சில விநாடிகள் தாமதிக்கச் செய்தோ, எழுத்தெழுத்தாகத் தகவலைக் கறந்துவிடுவார்கள். அதற்கென்றே தானியங்கிக் கருவிகளும் இருக்கின்றன.

இது புதிய தந்திரமும் இல்லை. 1998 டிசம்பரில் ஃப்ராக் என்ற இணைய இதழின் 54-ஆம் வெளியீட்டிலேயே விளக்கப்பட்டது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 2015-இல் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளர்களின் தகவல்கள் இதே வழியில் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 4,00,000 பவுண்டு அபராதம் விதித்தது. வலைச்செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து ஆபத்துகள் பட்டியலில் 2010, 2013, 2017 பதிப்புகளில் இன்ஜெக்ஷன் வகைதான் முதலிடம், 2021-இல் மூன்றாமிடம்.

மருந்து ஒன்றுதான்: ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் நம்பிக்கை வரும். மதிப்பு இல்லாத வெறும் கட்டமைப்பு முதலில் போகிறது. டேட்டாபேஸ் அதைப் படித்து, எது டேபிள், எது நிபந்தனை என்று முடிவுசெய்துவிடுகிறது. மதிப்பு பிறகு தனியாகப் போகிறது. வாக்கியம் ஏற்கெனவே படித்து முடிக்கப்பட்டதால், மதிப்புக்குள் எத்தனை மேற்கோள் குறி இருந்தாலும் கட்டளையாக மாற வழியே இல்லை. பிடிஓவில் மைஎஸ்கியூஎல்லோடு வேலை செய்யும்போது "எமுலேட் ப்ரிப்பேர்ஸ்" என்ற அமைப்பு இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். அதாவது டிரைவரே மதிப்பைப் பக்குவப்படுத்தி ஒட்டி அனுப்பும். அதை ஆஃப் செய்துவிடுங்கள். அது ஆனில் இருக்கும்போது மதிப்புகளை வரிசையாக எக்ஸிகியூட்டில் கொடுத்தால், "லிமிட் ?" என்பது "லிமிட் '10'" ஆகிப் பிழை அடிக்கும். காரணம் தெரியாமல் பலர் அங்கே லிமிட்டை மட்டும் கையால் ஒட்டிவிடுகிறார்கள். அடைத்த ஓட்டை அப்படித்தான் மறுபடி திறக்கிறது.

மேற்கோள் குறியை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். நானும் தொடக்கத்தில் அப்படிச் செய்தவன்தான். இரண்டு காரணங்களால் அது உதவாது. பெயரிலேயே மேற்கோள் குறி உள்ளவர்கள் உலகில் ஏராளம். அவர்களைத் தேடவே முடியாமல் போகும். இரண்டாவது, எண் ஃபீல்டில் மேற்கோளே தேவையில்லை: "எண் = " என்பதோடு "5 ஆர் 1=1" என்று ஒட்டினால் காரியம் முடிந்தது. தடைச்சொற்களின் பட்டியல் போடுவதும் இதே கதிதான். "மைஎஸ்கியூஎல்_குவெரி" என்ற செயற்கூறைக் கற்றுத்தரும் பாடம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். அந்தத் தொகுப்பே 2015 இறுதியில் வந்த பிஎச்பி 7.0-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஓஆர்எம் (குவெரியைத் தானே எழுதித்தரும் நூலகம்) பயன்படுத்துகிறவர்கள் "ரா குவெரி", அதாவது கையால் நேரடிக் குவெரி, எழுதிய இடங்களை மட்டும் தேடிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான்.

ப்ளேஸ்ஹோல்டர் போகாத இடங்கள்

டேபிள் பெயர், ஃபீல்டு பெயர், ஏறுவரிசை இறங்குவரிசைச் சொல் ஆகியவற்றுக்குக் கேள்விக்குறி வைக்க முடியாது. மைஎஸ்கியூஎல்லில் "ஆர்டர் பை ?" என்று எழுதி "தேதி" என்று மதிப்புக் கொடுத்தால் எரர் வராது, ஆனால் வரிசையும் மாறாது. எல்லா வரிசைக்கும் ஒரே மாறாத சொல்லை வைத்து அடுக்கச் சொன்னதாக அது எடுத்துக்கொள்கிறது. "அடுக்கல் வேலை செய்யவில்லை" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் யூசர் அனுப்பியதை நேரடியாக ஒட்டிவிடாதீர்கள். கோடில் ஒரு சிறு பட்டியல் வையுங்கள்: "புதியவை" என்று வந்தால் தேதி ஃபீல்டு, இறங்குவரிசை; "அகரவரிசை" என்று வந்தால் தலைப்பு ஃபீல்டு, ஏறுவரிசை; வேறு எது வந்தாலும் முதலாவது. யூசரின் எழுத்து குவெரியைத் தொடவே தொடாது. பட்டியலில் நீங்கள் எழுதியது மட்டுமே போகும். "இன்" நிபந்தனைக்கு மதிப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கேள்விக்குறிகளைக் கட்டுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் குவெரியையே அனுப்பாதீர்கள். காலி அடைப்புக்குறி மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் தொடரியல் பிழை.

லைக்கின் சொந்தக் குறிகளை ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்டும் தடுக்காது. சதவீதக் குறி எத்தனை எழுத்துகளுக்கும், அடிக்கோடு ஏதேனும் ஓர் எழுத்துக்கும் பொருந்தும். யூசர் "50%" என்று தேடினால் 500-உம் 5012-உம் வந்து நிற்பது இதனால்தான். வெறும் சதவீதக் குறியைத் தட்டினால் டேபிளே வரும். மதிப்பில் உள்ள பின்சாய்கோடு, சதவீதம், அடிக்கோடு மூன்றுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு சேருங்கள்; பின்சாய்கோட்டை முதலில் மாற்றுங்கள், இல்லையென்றால் நீங்களே சேர்த்தவை இரட்டிப்பாகிவிடும். எஸ்கியூலைட்டில் இயல்பான விடுபடு குறி இல்லாததால் "எஸ்கேப்" பகுதியையும் சேர்த்து எழுத வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் இதற்கு "எஸ்க்_லைக்" இருக்கிறது. அது லைக் குறிகளை மட்டும் பார்க்கும், அதன் பிறகு "ப்ரிப்பேர்" கட்டாயம்.

மெதுவாக வந்தால்

குவெரிக்கு முன்னால் "எக்ஸ்ப்ளெய்ன்" சேர்த்து ஓட்டுங்கள். மைஎஸ்கியூஎல்லில் வகை "ஆல்" என்றோ, போஸ்ட்கிரெஸில் "சீக் ஸ்கேன்" என்றோ வந்தால் டேபிள் முழுவதையும் வாசிக்கிறது என்று பொருள். சதவீதக் குறியில் தொடங்கும் லைக்குக்கு வழக்கமான இன்டெக்ஸ் உதவாது. முதல் எழுத்தே தெரியாமல் அகராதியில் சொல் தேடுவது மாதிரிதான். டேபிள் சிறியதென்றால் கவலை வேண்டாம். பெரியதென்றால் மைஎஸ்கியூஎல்லில் ஃபுல்டெக்ஸ்ட் இன்டெக்ஸ், போஸ்ட்கிரெஸில் பிஜி_டிரிஜிஎம் நீட்சி என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் ஃபுல்டெக்ஸ்ட் 3 எழுத்துக்குக் குறைவான சொற்களை இயல்பாகவே விட்டுவிடும்; "ஏன் இந்தச் சின்னச் சொல் வரவில்லை" என்று குழம்ப வேண்டாம். மைஎஸ்கியூஎல்லின் மெதுக் குவெரி லாக் 10 விநாடிக்கு மேல் ஆனவற்றை மட்டுமே இயல்பாகப் பதியும். அதை 1-க்குக் குறையுங்கள்.

வேகத்தைக் கவனிப்பதும் பாதுகாப்புதான். தேடல் சொல்லின் நீளத்துக்கும், ஒரு பக்கத்தில் வரும் முடிவுகளுக்கும் சர்வர் பக்கத்திலேயே உச்சவரம்பு வையுங்கள். போஸ்ட்கிரெஸில் "ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்", மைஎஸ்கியூஎல்லில் "மேக்ஸ்_எக்ஸிகியூஷன்_டைம்" வைத்தால் ஒரு கனமான தேடல் சர்வரையே கீழே இழுத்துவிடாது.

குவெரிக்கு வெளியே மூன்று விஷயங்கள். தேடல் செயலி ரூட் யூசராக டேட்டாபேஸுக்குள் போகக் கூடாது. தேவையான டேபிள்களில் செலக்ட் உரிமை மட்டும் உள்ள தனி யூசரை உருவாக்குங்கள். நேரலையில் எரர் விவரம் லாகுக்குப் போகட்டும். திரையில் "கோளாறு, பிறகு முயலவும்" என்பதோடு ஓர் எண் மட்டும் தெரியட்டும். மூன்றாவது, "நீங்கள் தேடியது: மழை" என்று சொல்லைத் திருப்பிக் காட்டும் இடத்தில் எச்டிஎம்எல் பக்குவம் (சிறப்புக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றுவது) செய்யாமல் காட்டாதீர்கள். குவெரியை அவ்வளவு பாடுபட்டுக் காத்துவிட்டு, அந்த ஒரு வரியில் ஸ்கிரிப்ட் ஓட விடுகிற செயலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி லாக் ஆன் ஆகியிருக்கும் உங்கள் சோதனைக் கணினிக்கே திரும்புங்கள். ஒற்றை மேற்கோள், சதவீதம், அடிக்கோடு, பின்சாய்கோடு, வெறும் இடைவெளி, ஒன்றுமே இல்லாதது, ஆயிரம் எழுத்து நீளச் சரம், இரண்டு விதமாகச் சேமித்த "கொடி", வரைவில் மட்டும் இருக்கும் அந்தச் சொல். இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பிறகு தானியங்கிச் சோதனைகளாக எழுதிக் கோடோடு சேர்த்து வையுங்கள். ஒற்றை மேற்கோளைத் தட்டும்போது லாகைக் கவனியுங்கள்: "ப்ரிப்பேர்" என்ற வரியில் கேள்விக்குறியோடு உங்கள் குவெரி அப்படியே நிற்கும், அதற்கடுத்த "எக்ஸிகியூட்" வரியில் அந்த மேற்கோள் குறி, முன்னால் ஒரு பின்சாய்கோட்டோடு, மதிப்புக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும்.